முன்பணம் நாற்பது ரூபாய்

புத்தளத்து மணப்பெண் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள்.
"ராத்தா, இதே மாதிரி என்ட அபாயாக் கைக்கு."
ஒரு முழ லினன், பழுப்பேறியது.
குறுக்கே சிவப்புப் பட்டில் ஒற்றை வரி,
வேலிக் கதியால்கள் போல
நெட்டுக்கு நிற்கிற எழுத்து.

திராஸ் என்று பெயராம்.
கலீபாக்கள் கொடுத்த அங்கியின் கைப்பட்டி.
ஓதத் தெரிந்த எனக்கே மூன்று இரவு பிடித்தது,
கணினியில் பெருப்பித்து
கதியால் கதியாலாய்ப் பிடித்து நடக்க.

முதலில் அல்லாஹ்வின் பெயர்.
பிறகு கலீபா, நீண்ட ஆயுளோடு.
செய்யக் கட்டளையிட்ட மந்திரி.
தின்னீஸ் என்ற ஊர்.
ஆண்டில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது.
தறியில் குந்தியிருந்தவனுக்கு
இடம் போதவில்லை.

கலீபா மாறினால் அடுத்த பாவில் பெயர் மாறும்.
இது எனக்குப் புதினமில்லை.
போன தேர்தலுக்கு முந்நூறு ரீசேட்டில்
ஒருவரின் பெயரைக் குத்தினேன்.
தோற்றார். காசு வரவில்லை.
நூலை உருவி வேறு ஆளுக்கு விற்கப் பார்த்தேன்:
வெளிச்சத்தில் பிடித்தால்
ஊசிக்கண்களில் அவர் அப்படியே இருந்தார்.

ஆனால் சொல்ல வந்தது அதையல்ல.

அந்த லினனின் ஓரம் நேராக இருந்தது.
கிழிசல் இல்லை, கத்தரி.
கல்லறையில் எடுத்த அங்கியில்
எழுத்துள்ள பட்டிதான் விலைபோகும் என்று
வெட்டியிருக்கிறான் ஒரு வியாபாரி.
உடம்பைத் தொட்டுக் கிடந்த மிச்சம் முழுவதையும்
எறிந்திருப்பான்.

அதே கிழமை, மழைக்குள், பிலோமினா வந்தார்.
நாவாந்துறை.
பொலித்தீன் பைக்குள் ஜெபப் புத்தகம்,
புத்தகத்துக்குள் ஒரு துண்டு.

மீராசா தையலகம், சோனகத் தெரு.
இல. 417. சட்டை ஒன்று. மார்பு 32.
மொத்தம் 100. முன்பணம் 40.
எடுக்கும் திகதி 2.11.90.

ஏழின் இடுப்பில் கோடு போடுவது
வாப்பா ஒருவர்தான்.

"தொண்ணூற்றைஞ்சில சாவகச்சேரிக்கு ஓடேக்கையும்
இது என்னோட வந்தது. ஏனெண்டு தெரியாது.
மாம்பழ மஞ்சள். தங்கச்சியின்ர கலியாணத்துக்கு.
சீலை கிடக்குது, சட்டைதான்..."

திகதிக்கு மூன்று நாள் முன்னம்
உடுத்ததோடு போனவர்கள் நாங்கள்.
"நாங்க கொண்டு போகல்ல, அக்கா."
"தெரியும் பிள்ளை."

அதற்குப் பிறகு கேள்வி ஒன்றுதான் மிச்சம்.
அப்ப ஆர் போட்டது?
இரண்டு பேரும் கேட்கவில்லை.
ஓட்டோ ஒன்று சேற்றை அடித்துக்கொண்டு போனது.
அவர் துண்டைப் பார்த்தார்.
நான் அளவு நாடாவைப் பார்த்தேன்.

ஊர் உண்டு, ஆண்டு உண்டு,
செய்வித்தவர் பெயர் உண்டு.
துணியைத்தான் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அளந்தேன். முப்பத்தெட்டு.
"கோதாரி," என்று சிரித்தார்.
மிச்சம் அறுபது ரூபாயை எண்ணி வைத்தார்.
இன்று அறுபதுக்கு ஒரு பிளேன்ரீ வரலாம்.
வாங்கி, வாப்பா செய்வதுபோல
துண்டின் பின்னால் கையெழுத்து வைத்தேன்.

இரவு மிசினில் கைமடிப்பின் உட்பக்கத்துக்கு
ஒரு வரி அமைத்தேன்.
கலீபாவும் இல்லை, மந்திரியும் இல்லை.
பிலோமினா செய்வித்தது.
மீராசாவின் மகள் கையால்.
சோனகத் தெருவில்.
ஆண்டு கேட்கிற கட்டத்தில்
அந்தச் சின்னக் கோடு
மின்னி மின்னி நின்றது.

போன் எடுத்துக் கேட்டேன்:
"அக்கா, எந்த வருசம் போட?"

கனநேரம் கதை இல்லை.
தகரத்தில் மழை விழுவது
அங்கேயும் கேட்டது, இங்கேயும் கேட்டது.

"அதை விடு பிள்ளை.
பக்கத் தையலுக்க ஒரு இஞ்சி
துணி கூட விட்டுத் தை.
பிறகு இளக்கலாம்."